பதினோரு மனுக்களும் ஒரு ரப்பரும்

அரசாங்க வேலையில் இருந்துகொண்டே அரசாங்கத்துக்கு மனு எழுதுவதில் ஒரு வசதி உண்டு: மனு எந்த மேசையில் போய்ச் சாகும் என்று எழுதும்போதே தெரிந்துவிடும்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு தாலுகா ஆபீஸில் நான் உதவியாளர். எந்தத் தாலுகா என்று சொல்லமாட்டேன், இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. பெயர் பத்மாவதி. பத்தொன்பது வருஷமாக மற்றவர்கள் மனுவைத் திருப்பி அனுப்பியே சாப்பிட்டு வந்தவள். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் இரண்டு கிட்னியும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நேரத்தில் வேலையை விட்டுப் போய்விட்டன. அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினோடு என்னைக் கட்டிப் போடுகிறார்கள். இரண்டாவது ஷிஃப்ட், பதினொன்றரைக்கு.

சர்க்கரையோ, வலிப்போ, கிட்னியோ, ஏதாவது ஒரு தீராத வியாதியை வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு ஜன்னல் முன்னால் சீட்டோடு நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருப்பவர்கள் வேண்டுமானால் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கிட்னி திரும்ப முளைத்ததா?

செவ்வாயும் வியாழனும் பத்தரை மணிக்கு ஆபீஸை விட்டுக் கிளம்ப எனக்கு ஓர் உத்தரவு இருக்கிறது. காலை ஒன்பதே முக்காலுக்கு வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவேன், முக்கால் மணி நேரம் ஃபைல் பார்ப்பேன், பஸ் பிடிப்பேன். அந்தப் பதிவேட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சரியாகப் பத்து மணிக்கு அது எங்கள் துணை தாசில்தார் மேசைக்குப் போய்விடும். அதுவரை கையெழுத்துப் போடாதவர்கள் பெயருக்கு நேரே அவர் சிவப்பு மையில் ஒரு கோடு இழுப்பார். பத்தொன்பது வருஷத்தில் என் பெயருக்கு நேரே சிவப்பு மை விழுந்ததே கிடையாது. ஊரில் ஒருத்தருக்கு நிலம் பெருமை, ஒருத்தருக்கு நகை பெருமை. எனக்கு அந்தப் பதிவேடு.

உத்தரவை ஆறு மாசத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குப் புது மருத்துவச் சான்று வேண்டும். டாக்டர் பாவம், ஒவ்வொரு தடவையும் "இரண்டு சிறுநீரகங்களும் நிரந்தரமாகச் செயலிழந்துவிட்டன" என்று எழுதித் தருவார். போன தடவை வெறுத்துப்போய் 'நிரந்தரமாக' என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். சட்டென்று கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. இரண்டு காலும் இல்லாத ஒரு மனுஷர் உதவித்தொகைக்கு எழுதிய மனுவில், "நடப்பு ஆண்டுச் சான்று இணைக்கவும்" என்று எழுதித் திருப்பி அனுப்பியவள்தான் நான். அந்த ஓரக் குறிப்பில் என் கையெழுத்து அவ்வளவு அழகாக இருந்தது என்று அப்போது நானே ரசித்திருக்கிறேன், கர்மம்!

இருந்தாலும் என் உடம்பு என்று வரும்போது வாய் சும்மா இருக்குமா? "சார், நிரந்தரமான்னு டாக்டரே எழுதிட்டாரு. ஆறு மாசத்துல கிட்னி இன்னா சார், திரும்ப முளைச்சிக்கினா வரும்?" என்று கேட்டேன். துணை தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், சான்றை ஃபைலில் வைத்துக் கயிறு கட்டினார். பிறகு ரொம்ப அன்பாகச் சொன்னார்: "முளைக்காதுன்னு ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும் மேடம். ஃபைலுக்குத் தெரிய வேணாமா?"

இளநீர் மரியாதை

எல்லா வியாதிக்கும் வருஷத்தில் ஒரு நாள் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள், கிட்னிக்கும் ஒன்று உண்டு. அன்றைக்கு டவுனில் ஒரு சேவைக் குழுவினர் எங்களைக் கௌரவிக்கப்போவதாகச் சொல்லி வேன் வைத்து அழைத்துப் போனார்கள். கல்யாண மண்டபம், மைக் செட், பேனர். பேனரில் எங்கள் படம் இல்லை, அவர்கள் படம்தான். மைக்கைப் பிடித்தவர், "கிட்னி நல்லா இருக்கணும்னா தினமும் நாலு லிட்டர் தண்ணி குடிங்க" என்று எங்கள் முகத்தைப் பார்த்தே சொன்னார். எங்களுக்குக் காபி, ரசம், மாத்திரை முழுங்குகிற தண்ணி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் கணக்கு. அதற்கு மேல் உள்ளே போனால் வெளியே வர வழி இல்லை. முதலில் காலில் ஏறும், அப்புறம் முகத்தில், கடைசியில் நெஞ்சுக்குள் ஏறி மூச்சை அடைக்கும். மண்டபத்தில் ஆளுக்கு இரண்டு தண்ணி பாட்டில் கொடுத்தார்கள்.

பேச்சு முடிந்ததும் சால்வை. சால்வைக்கு மேல் கூடை. கூடைக்குள் ஒரு சீப்பு வாழைப்பழம், அரை டஜன் ஆரஞ்சு, அதற்கு மேல் மூக்கு சீவின இளநீர். எங்களுக்கு என்னென்ன ஆகாது என்று டாக்டரிடம் பட்டியல் வாங்கிக்கொண்டு கடைக்குப் போயிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக அமைந்திருக்காது. அந்தப் பழத்திலும் இளநீரிலும் இருக்கிற பொட்டாசியம் சத்து கிட்னி இல்லாத உடம்பில் தேங்கினால் இதயம் அப்படியே நின்றுபோகும். "குடிக்கிற மாதிரி ஒரு போட்டோ, அப்படியே இருங்க" என்று குழல் போட்டு வாயருகே பிடிக்கிறார்கள். என் பக்கத்தில் ஏழுமலை அண்ணன். கருணாபுரத்துக்காரர், மூட்டை தூக்கின உடம்பு, ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த பெட். இளநீரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் காதுப் பக்கம் குனிந்தார்: "யம்மா, இவங்க நம்மளப் பாராட்ட வந்தாங்களா, இன்னிக்கே பாட கட்டிட்டுப் போவ வந்தாங்களா?"

கூட முடியாத சங்கம்

அந்த இளநீர்க் கோபத்தில்தான் நாங்களே ஒரு சங்கம் வைத்தோம். முதல் வேலையாக லெட்டர் பேடு அடித்தோம். என்ன செய்யப்போகிறோம் என்பதை இரண்டாவதாக யோசித்தோம். தலைவர், துணைத் தலைவர், செயலாளர் என்று ஆளுக்கொரு பதவி. செயலாளர் நான், எழுதத் தெரிந்தவளைத்தானே மாட்டிவிடுவார்கள்! கூட்டம் போடும்போதுதான் தெரிந்தது, தலைவருக்குத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ், எனக்குச் செவ்வாய், வியாழன், சனி. அவர் எழுந்து நடமாடுகிற நாளில் நான் படுத்திருப்பேன், நான் நடமாடுகிற நாளில் அவர் படுத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கட்டை மாதிரித் தூங்குவோம். கடைசியில் தலைவர் இல்லாமலே கூடினோம். பதினோரு மணிக்கு முதல் ஷிஃப்ட் ஆட்கள் எழுந்திரிப்பார்கள், மெஷினைக் கழுவ அரை மணி நேரம் ஆகும், அந்த அரை மணி நேரம் வராந்தா பெஞ்சில் எங்கள் மாநாடு.

அங்கேதான் வெள்ளையம்மா வாயைத் திறந்தாள். கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலைக்கும் அந்தாண்டை, பஸ் ரோட்டிலிருந்து ஒரு மணி நேரம் நடக்க வேண்டிய ஊர். வயசு முப்பத்தைந்து இருக்கும். சாமையும் மரவள்ளியும் போட்ட கொஞ்சம் காடு, ஆண்டி என்று ஒரு நல்ல புருஷன், இரண்டு பெண்பிள்ளைகள். ஏழு மணி ஷிஃப்டில் இடம் காலியாக இருந்ததால் அவளை அதில் போட்டிருந்தார்கள். பதினோரு மணிக்கு அவள் எழுந்திரிக்கிற பெட்டில்தான் பதினொன்றரைக்கு நான் படுப்பேன்.

அவள் கஷ்டம் இதுதான். மலையிலிருந்து முதல் பஸ் கச்சிராயபாளையம் வழியாக டவுனுக்கு வர மணி பத்தரை ஆகும். ஏழு மணிக்கு மெஷினில் படுக்க வேண்டுமென்றால் முந்தின நாளே இறங்கி வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடக்க வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு நாள், மூன்று தடவைக்கு ஆறு நாள். ஆறு நாளும் இங்கே கிடந்தால் காட்டை யார் பார்ப்பது, பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? அதனால் வாரம் மூன்று தடவை வர வேண்டியவள் இரண்டு தடவைதான் வந்தாள். இப்படியே போனால் நெஞ்சில் தண்ணி கோத்துச் செத்துப்போவாய் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். மலையிலிருந்து விடியற்காலை அஞ்சு மணிக்கு ஒரு பஸ் விட வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானம் போட்டோம். "ரெண்டே மாசத்துல பஸ் வந்துடும்" என்று நான் வாக்கும் கொடுத்தேன், என்னமோ பஸ்ஸை வீட்டு வாசலில் நிறுத்திவைத்திருக்கிறவள் மாதிரி. வெள்ளையம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "செரிங்க மேடம். பஸ்ஸு வர்ற வரைக்கும் எப்பிடியாச்சும் தாக்குப் புடிச்சிக்கினு இருந்துக்கறேன்."

ரத்த குரூப்

இடையில் என் வீட்டுக் கதை ஒன்று. எங்கள் வார்டில் ஆண்களுக்குக் கிட்னி கொடுக்க முன்வந்தவர்கள் யார் யார் என்று விசாரித்தேன்: பெண்டாட்டி, அம்மா, அக்கா. பெண்களுக்குக் கொடுக்க முன்வந்த ஆண்கள் யார் என்று விசாரித்தேன், எல்லாருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் டெஸ்டுக்கு வந்தார், அந்த மட்டும் நல்ல மனுஷர். ரத்த குரூப் சேரவில்லை என்றதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். வெளியே வந்து ஓட்டலில் பரோட்டா வாங்கி, ஒரு வாரத்துக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டார். அவருக்கு ஒரு சைக்கிள் ரிப்பேர் கடை உண்டு, நினைத்தால் திறப்பார். மாசச் சம்பளம் என்று வீட்டுக்குள் வருவது என்னுடையது ஒன்றுதான். துக்கம் விசாரிக்க வடக்கனந்தலிலிருந்து நாத்தனார் வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே ஆறுதல் சொன்னாள்: "குரூப்பு சேராததும் நல்லதுக்குத்தான் அண்ணி. ஆம்பள ஒடம்ப அறுத்துக்கினா அப்பறம் வூட்டுக்கு யாரு சம்பாரிச்சிப் போடறது?"

என்னை நானே விசாரித்தது

மனு ஒன்று, பஸ்காரர்களுக்கு. இருட்டில் மலைப்பாதையில் பஸ் ஓட்டக் காட்டுக்காரர்கள் சம்மதிக்க வேண்டும் என்றார்கள். மனு இரண்டு, காட்டுக்காரர்களுக்கு. காடு எங்களுடையது, ரோடு எங்களுடையது இல்லை என்றார்கள். மனு மூன்று, ரோட்டுக்காரர்களுக்கு. ரோடு எங்களுடையதுதான், ஆனால் அதன் மேல் என்ன ஓடுகிறது என்பது எங்கள் வேலை இல்லை என்றார்கள். இப்படியே ஆறு மனு. வெள்ளையம்மா ஒவ்வொரு செவ்வாயும் பெட்டை விட்டு இறங்கும்போது அவளிடம் "மனு போயிருக்கு" என்று சொல்வேன். அவள் தலையாட்டுவாள். முகம் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக உப்பிக்கொண்டு வந்தது.

ஏழாவது மனுவை ரொம்ப மேலே அனுப்பினேன். மேலே போனது கீழே இறங்கியது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு, ஒரு மாசம் கழித்து என் மேசைக்கே வந்து உட்கார்ந்தது. "மனுதாரர் கூறுவது உண்மையா என நேரில் விசாரித்து அறிக்கை அனுப்பவும்." மனுதாரர் பத்மாவதி. விசாரிக்க வேண்டியவர் அந்த செக்ஷன் உதவியாளர், அதுவும் பத்மாவதி. வேறு யாராவது இருந்தால் "இது என்ன கூத்து?" என்று கேட்டிருப்பார்கள். நான் பேனாவை எடுத்தேன். "மனுதாரரை நேரில் விசாரித்ததில், அவர் கூறுவது முற்றிலும் உண்மை எனத் தெரியவருகிறது" என்று எழுதினேன். மனுதாரர் வாக்குமூலம் என்று ஒரு தாளும் இணைத்தேன். துணை தாசில்தார் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். எங்கே கத்தப்போகிறாரோ என்று நின்றேன். "எல்லாம் செரியாத்தான் கீது மேடம். ஆனா விசாரிச்சவங்க கையெழுத்தும் மனுதாரர் கையெழுத்தும் ஒரே மாரி கீது பாருங்க, ஆடிட்ல கேப்பாங்க. ஒண்ண மட்டும் கொஞ்சம் மாத்திப் போட்டுடுங்க."

மத்தியானத்தில் பார்த்த விடியற்காலை

ஒன்பதாவது மனுவுக்கு மரியாதை கிடைத்தது. அஞ்சு மணி பஸ்ஸுக்குத் தேவை இருக்கிறதா என்று ஆய்வு செய்ய மூன்று அதிகாரிகள் ஒரு ஜீப்பில் மலைக்குக் கிளம்பினார்கள். நானும் லீவு போட்டுவிட்டு ஒட்டிக்கொண்டேன். கோமுகி அணைக்கிட்டே நிறுத்தி டீ, பாதி மலையில் நிறுத்தி போட்டோ, மேலே போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை. உச்சி வெயிலில் ரோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எத்தனை பேர் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தார்கள். எல்லாரும் காட்டில் வேலையாக இருந்தார்கள். ரோட்டில் ஒரு மாடு நின்றது. குறிப்பேட்டில் "பயணிகள் எவரும் இல்லை" என்று எழுதிக்கொண்டார்கள். "சார், கேட்டது காலைல அஞ்சு மணிக்கு" என்றேன். அஞ்சு மணிக்கு எங்களுக்கு ஜீப் கிடையாதே மேடம் என்றார் ஒருத்தர். அவ்வளவு வெகுளியாகச் சொன்னார், எனக்குத் திட்டக்கூடத் தோன்றவில்லை.

வெள்ளையம்மாவின் புருஷன் ஆண்டி தகவல் தெரிந்து ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தான். பொண்டாட்டிக்கு மூச்சு வாங்குவதைச் சொன்னான், வராந்தாவில் படுப்பதைச் சொன்னான், கையெடுத்துக் கும்பிட்டான். அதிகாரிகளில் பெரியவர் குறிப்பேட்டின் அடுத்த கட்டத்துக்குப் போனார். "அதெல்லாம் இருக்கட்டும்ப்பா. பஸ் வுட்டா தினம் எத்தினி பேரு ஏறுவீங்க? கரெக்டா ஒரு நம்பரு சொல்லு." ஆண்டி கும்பிட்ட கையை இறக்கினான். "வுட்டாத்தான சார் தெரியும். இல்லாத பஸ்ஸுல எத்தினி பேரு ஏறுனாங்கன்னு நான் எங்க போயி எண்ணிக்கினு வர்றது?"

அந்த வியாழக்கிழமை

பதினோராவது மனு போய் இரண்டு வாரம் இருக்கும். மலையில் மழை இருட்டிக்கொண்டு நின்றது. சாமை அறுப்பு. அறுக்காமல் விட்டால் ஒரு வருஷத்துச் சோறு மண்ணோடு போய்விடும் என்று வெள்ளையம்மா சனிக்கிழமை வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. முன்னால் பக்கத்து வீட்டுக்காரர், பின்னால் ஆண்டி, நடுவில் ஒரு சேலையால் சேர்த்துக் கட்டி அவள். முகம் அடையாளமே தெரியவில்லை. மூச்சு இழுக்கும்போது தண்ணிக் குழாயில் காற்று போகிற மாதிரி சத்தம். படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. டாக்டர் ஓடி வந்து பார்த்துவிட்டு, ஆக்சிஜன் வையுங்கள், உடனே மெஷினில் போட வேண்டும் என்றார். அவளுடைய ஏழு மணி முறை அவள் வராததால் வேறு ஒருத்தருக்குப் போய்விட்டது. அடுத்த ஷிஃப்டில் எல்லா பெட்டுக்கும் ஆள் ஏறியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. அந்த ஒரு பெட் பக்கத்தில் நான் பையோடு நின்றுகொண்டிருந்தேன். நர்ஸ் கலைச்செல்வி என்னைப் பார்த்தது.

உடனே விட்டுக் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் முதலில் என் காலைத்தான் பார்த்துக்கொண்டேன், எனக்கும் வீக்கம் இருந்தது. அப்புறம்தான் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். என்னைச் சாயங்கால ஷிஃப்டில் எப்படியோ சேர்த்துக்கொண்டார்கள். ஆண்டி சுவரில் சாய்ந்து குந்தியிருந்தான். இரண்டு மணி நேரத்தில் தண்ணி இறங்க இறங்க அவள் மூச்சுச் சத்தம் அடங்கியது. கண்ணைத் திறந்து மணி என்ன என்று கேட்டாள். ஒன்றே முக்கால் என்றேன். மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டாள். பிறகு கேட்டாள். குத்திக்காட்டவில்லை. படித்தவர்கள் ஒன்று செய்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நம்பி, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: "இந்த நேரத்துக்கு வர்றதுக்குத்தான் மலைலேருந்து பஸ்ஸு கீதே மேடம். நீங்க கீழயே இருக்கறீங்க, ஏழு மணிக்கு நீங்க படுத்துக்கினு எனக்கு இந்த நேரத்த வுட்டிருக்கலாமே, ஏன் மேடம் பஸ்ஸு பஸ்ஸுன்னு அலஞ்சிக்கினு இருந்தீங்க?"

சிவப்பு மை

தோன்றவே இல்லை என்று சொன்னால் பொய். மூன்றாவது மனு எழுதும்போது ஒரு தடவை தோன்றியது. ஏழு மணி ஷிஃப்ட் என்றால் பதினொன்றுக்கு முடியும், ஆபீஸ் போக மணி பன்னிரண்டு. பதிவேடு பத்து மணிக்கே உள்ளே போயிருக்கும். என் பெயருக்கு நேரே சிவப்பு மை! உத்தரவைத் திருத்த வேண்டும், ஃபைலைத் திறக்க வேண்டும், கிட்னி முளைத்ததா என்று திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஐயோ சாமி வேண்டாம், பஸ்ஸே விடச் சொல்வோம் என்று அந்த நினைப்பைத் துரத்திவிட்டேன். ஒரு பெண்ணின் உயிருக்கும் ஒரு பொட்டு மைக்கும் நடுவில் நான் மைக்கு பயந்தேன். என்னை நானே விசாரித்த அறிக்கையில் இதை எழுத மறந்துபோனேன். எத்தனை ஆபீஸைக் கேலி செய்தேன்! அத்தனை ஆபீஸும் எனக்குள்ளேதான் இருந்தது. இதை எழுதும்போதும் வெட்கத்தில் முகம் எரிகிறது.

அடுத்த நாளே போய் நர்ஸிடம், ஷிஃப்ட் மாற்ற யாருக்கு மனு கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். பழக்க தோஷம். கலைச்செல்வி மேசை டிராயரிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தது. பெட் பட்டியல் முழுக்கப் பென்சிலில் இருந்தது. பக்கத்தில் கிடந்த ரப்பரை எடுத்து என் பெயரை அழித்தது, வெள்ளையம்மா பெயரை அழித்தது, இடம் மாற்றி எழுதி, ரப்பர்த் தூளை ஊதிவிட்டது. நான் கைப்பையின் ஜிப்பை மூடுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. "இதுக்குப் போயி மனுவா? ரெண்டு பேருக்கும் சம்மதம்னா எனக்கு இன்னாக்கா?"

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஆபீஸுக்குள் நுழைந்தேன். டயாலிசிஸ் முடிந்த உடம்பு பிழிந்துபோட்ட துணி மாதிரி இருக்கும், ரெக்கார்டு ரூம் பெஞ்சில் அரை மணி நேரம் படுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். சாயங்காலம் ஐந்தே முக்கால் வரை ஃபைல் பார்த்தேன். முன்னே ஒரு மணி நேரம்கூடப் பார்க்காமல் பத்தரைக்கு ஓடுகிறவள், இப்போது ஐந்து மணி நேரம் வேலை செய்தேன். பதிவேட்டில் என் பெயருக்கு நேரே நீளமாகச் சிவப்புக் கோடு. துணை தாசில்தாருக்கு என்னைவிட அதிக வருத்தம். "வேல ஜாஸ்தியாத்தான் பாக்கறீங்க மேடம், இல்லன்னு சொல்லல. ஆனா கையெழுத்து இல்லையே, ரெஜிஸ்டருக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

மனு பன்னிரண்டு

இப்போது வெள்ளையம்மா வாரம் மூன்று தடவையும் வருகிறாள். காலை பஸ்ஸில் இறங்குகிறாள், சாயங்கால பஸ்ஸில் ஏறிவிடுகிறாள், ராத்திரிச் சோறு வீட்டில். முகத்தில் எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. அவளுக்கு இரண்டு கன்னத்திலும் குழி விழும் என்பதே இப்போதுதான் எங்களுக்குத் தெரியும். பதினோரு மணிக்கு நான் இறங்குகிறேன், அதே பெட்டில் அவள் ஏறுகிறாள். போன மாசம் அறுத்த சாமையில் ஒரு படி கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை, அவள் விடவில்லை.

பஸ் மனுவுக்கும் பதில் வந்தது. சம்பந்தப்பட்ட நோயாளி இப்போது வேறு நேரத்துக்கு வருவதால் கோரிக்கைக்குத் தேவை இல்லை, மனுவை முடித்துவைக்கலாமா என்று கேட்டு, வழக்கம்போல என் மேசைக்கே. மலையில் இன்னும் இரண்டு பேர் டயாலிசிஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஏழு மணிதான் கிடைக்கும், விட்டுக் கொடுக்க என்னிடம் இன்னொரு பதினொன்றரை இல்லை. அதனால் மனுவை முடிக்க முடியாது என்று எழுதி, கையோடு பன்னிரண்டாவதையும் வைத்து அனுப்பினேன். பெட்டில் ஏற வந்த ஏழுமலை அண்ணன் கேட்டார், பஸ் வந்துவிட்டதா என்று. இன்னும் இல்லை என்றேன். பக்கத்துப் பெட்டில் படுத்திருந்த வெள்ளையம்மாவை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். "பஸ்ஸே வுடாம, பைலே தொறக்காம ஒரு காரியத்த முடிச்சிட்டியே யம்மா. பாத்துக்கோ, ஒன்ன வேலய வுட்டுத் தூக்கிடப் போறானுங்க."

பத்தொன்பது வருஷ சர்வீஸில் மக்களுக்கு என்று நான் செய்து முடித்த ஒரே காரியம் ஒரு ரப்பரால் நடந்தது, அந்த ரப்பரும் நர்ஸ் கலைச்செல்வியுடையது.